நிண்டு பிடிக்குமோ? மணிக்கூட்டிலிருந்து புரொசெசர் வரை ஒரு வேகக் கதை

2011ஆம் ஆண்டு கோடை விடுமுறை. எனக்கு 16 வயது. ஒரு பேக்கரியில் மூன்று கிழமை வேலை செய்து சேர்த்த காசோடு, அம்மாவிடம் கொஞ்சம் கடன் வாங்கி, ஒரு கணினியைத் துண்டு துண்டாக வாங்கினேன். பீல் நகரத்தில் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் வைத்து நானே பொருத்தினேன். உள்ளே இருந்த புரொசெசர் இன்டெல் ஐ5-2500கே. அதன் அடிப்படை வேகம் 3.3 கிகாஹேர்ட்ஸ். இரண்டாம் நாளே அதை 4.6க்கு ஏற்றிவிட்டேன். இதைத்தான் ஓவர்குளொக்கிங் என்கிறோம். கம்பனி குறித்துக் கொடுத்த வேகத்துக்கு மேலே ஓட வைப்பது.

உணவகச் சமையலறையில் வேலை முடித்து அப்பா வீட்டுக்கு வந்தபோது நடுச்சாமம் தாண்டியிருந்தது.

"என்ன பிள்ளை, இன்னும் படுக்கேல்லையோ?"

"அப்பா, இது வித்த வேகத்தை விட நாப்பது வீதம் கூட ஓடுது."

அப்பா விசிறிச் சத்தத்தைக் கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டு நின்றார். "ஓடுறது சரி. நிண்டு பிடிக்குமோ?"

"பத்து நிமிசம் ரெஸ்ட் பண்ணிப் பாத்தனான். ஒண்டும் ஆகேல்லை."

அந்தப் பதில் பிழை என்று எனக்குத் தெரியவர ஐந்து வருடங்கள் எடுத்தன. என்ன நடந்தது என்பதைக் கடைசியில் சொல்கிறேன். அதற்கு முதல், அப்பா கேட்ட கேள்வியின் வரலாற்றைச் சொல்ல வேண்டும். கணினி வருவதற்கு நூறு வருடத்துக்கு முன்னரே, நாங்கள் வாழும் இந்த யூரா மலையடிவாரத்தில் அதே கேள்வியைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். அவர்கள் கேட்டது மணிக்கூட்டிடம்.

துடிப்பு

சாவி கொடுக்கும் மணிக்கூட்டின் பின்மூடியைத் திறந்தால், ஒரு சின்னச் சக்கரம் இங்கும் அங்கும் ஆடுவது தெரியும். அதை பலன்ஸ் சக்கரம் என்பார்கள். ஒவ்வொரு ஆட்டத்துக்கும் ஒரு "டிக்". எல்லாப் பற்சக்கரங்களும் அந்த டிக்குக்காகக் காத்திருந்து, அது வந்ததும் ஒரு அடி நகரும்.

உங்கள் கணினியும் இப்படித்தான் வேலை செய்கிறது. மதர்போர்டில் ஒரு சிறிய குவார்ட்ஸ் படிகம் துடிக்கிறது. அந்தத் துடிப்பிலிருந்து 100 மெகாஹேர்ட்ஸ் அடிப்படைத் துடிப்பை உருவாக்குகிறார்கள். புரொசெசர் அதை ஒரு எண்ணால் பெருக்கிக்கொள்கிறது. 33ஆல் பெருக்கினால் 3.3 கிகாஹேர்ட்ஸ். நான் செய்தது பயோஸ் திரையில் அந்த 33ஐ 46 ஆக்கியது மட்டும்தான். புரொசெசரின் வேகத்தை ஆங்கிலத்தில் "குளொக்" என்று சொல்வது வெறும் உவமை என்று நினைத்திருந்தேன். உண்மையில் அது ஒரு மணிக்கூடுதான்.

18,000இலிருந்து 36,000

பழைய சட்டைப்பை மணிக்கூடுகள் பெரும்பாலும் மணித்தியாலத்துக்கு 18,000 தடவை துடித்தன. அதாவது செக்கனுக்கு 5. துடிப்பைக் கூட்டினால் நேரம் இன்னும் துல்லியமாக வரும் என்பது மணிக்கூட்டுக்காரருக்குத் தெரியும். நீங்கள் கையை வீசி நடக்கும்போது சக்கரத்தின் ஆட்டம் குழம்புகிறது. வேகமாக ஆடும் சக்கரம் அந்தக் குழப்பத்திலிருந்து விரைவாக மீண்டுவிடும்.

1966இல் லா சோ-டு-ஃபோன் நகரத்து ஜிரார்-பெரகோ, 36,000 துடிப்புக் கைமணிக்கூட்டை வெளியிட்டது. 1969 ஜனவரி 10ஆம் திகதி லு லொக்கிளில் உள்ள ஸெனித் நிறுவனம் எல் பிரிமேரோ என்ற இயந்திரத்தை அறிவித்தது. செக்கனுக்கு 10 துடிப்பு. செக்கனில் பத்தில் ஒரு பங்கைக்கூட அளக்கலாம். தானாகச் சாவி ஏறும். பழைய வேகத்தின் இரண்டு மடங்கு என்றால், இன்று யாராவது 3.3 கிகாஹேர்ட்ஸ் புரொசெசரை 6.6க்கு ஏற்றியது போல.

ஆனால் வேகம் சும்மா வராது. இரண்டு மடங்கு துடித்தால் தேய்மானமும் கூடும், சாவிச் சுருளின் சக்தியும் விரைவாகத் தீரும். வேகமாகச் சுழன்று நிற்கும் பற்களிலிருந்து மசகெண்ணெய் தெறித்துப் போய்விடும். எண்ணெய் இல்லாத இடத்தில் உலோகம் உரசும். அதனால் உயர்துடிப்பு மணிக்கூடுகளுக்கு, தெறித்துப் போகாத புதிய மசகுகளைத் தேட வேண்டியிருந்தது. நாங்கள் புரொசெசருக்குப் பெரிய குளிரூட்டி வாங்குகிறோமே, அதே பிரச்சினைதான்.

45 நாள் சோதனை

இனித்தான் அப்பாவின் கேள்வி வருகிறது. ஒரு மணிக்கூடு இன்று சரியான நேரம் காட்டுகிறது. நாளைக்கும் காட்டுமா? குளிரில்? வெயிலில்? தலைகீழாக வைத்தால்?

1858இல் தொடங்கிய நெய்ஷாத்தெல் வானாய்வு நிலையம் இதற்கென்றே போட்டி நடத்தியது. அங்கே அனுப்பிய மணிக்கூட்டை ஏறத்தாழ 45 நாள் வைத்துப் பார்ப்பார்கள். படுக்க வைத்து, நிறுத்தி வைத்து, குளிரில் வைத்து, சூட்டில் வைத்து, ஒவ்வொரு நாளும் எத்தனை செக்கன் பிசகியது என்று எழுதுவார்கள். ஒரு நாள் நல்ல பெறுபேறு காட்டினால் புள்ளி இல்லை. எல்லா நாளும் ஒரே மாதிரி நடந்துகொள்ள வேண்டும்.

போட்டிக்கென்றே தனியாகத் தயாரித்த இயந்திரங்களும் இருந்தன. கைதேர்ந்த ஒருவர் மாதக்கணக்கில் சீர் செய்வார். அவற்றில் பெரும்பாலானவை கடைக்கு வரவில்லை. இன்று −196 பாகை திரவ நைட்ரஜனை ஊற்றி உலக சாதனை படைக்கும் ஓவர்குளொக்கர்கள் அவர்களின் வாரிசுகள். அந்த வேகத்தில் யாரும் வீட்டுப்பாடம் செய்வதில்லை. சாதனைக்கான வேகம் ஒன்று, தினமும் நம்பி வாழும் வேகம் இன்னொன்று.

தினமும் நம்பும் வேகத்துக்குத்தான் கோஸ்க் சோதனை. 1973இல் உருவான சுவிஸ் அதிகாரபூர்வ குரோனோமீட்டர் சோதனை நிறுவனத்தின் சுருக்கப் பெயர் அது. அதன் சோதனைக்கூடங்களில் ஒன்று எங்கள் பீலில் இருக்கிறது. அங்கே 15 நாள், 5 நிலை, 3 வெப்பநிலை: 8, 23, 38 பாகை. நாளொன்றுக்குச் சராசரியாக 4 செக்கனுக்கு மேல் பிந்தக் கூடாது, 6 செக்கனுக்கு மேல் முந்தக் கூடாது. மணிக்கூட்டின் முகத்தில் "குரோனோமீட்டர்" என்று எழுதியிருந்தால் இந்தச் சோதனையைத் தாண்டியது என்று அர்த்தம். இந்த 38 பாகையை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். என் கதையில் திரும்ப வரும்.

படிகம் வந்தது, நாங்களும் வந்தோம்

1962இல் சுவிஸ் மணிக்கூட்டு நிறுவனங்கள் சேர்ந்து நெய்ஷாத்தெலில் ஒரு மின்னணு ஆய்வுக்கூடம் தொடங்கின. 1967 போட்டியில் அவர்களின் குவார்ட்ஸ் மாதிரிகள் முதல் இடங்களைப் பிடித்தன. 1969 கிறிஸ்மஸ் நாளில் ஜப்பானின் செய்கோ முதல் குவார்ட்ஸ் கைமணிக்கூட்டை விற்பனைக்குக் கொண்டுவந்தது. 1970இல் சுவிஸ் "பீட்டா 21" வந்தது. அதில் படிகத்தின் துடிப்பு செக்கனுக்கு 8,192. எல் பிரிமேரோவின் சக்கரம் செக்கனுக்குப் பத்துத் தடவைதான் துடித்தது. இரண்டுக்கும் போட்டியே இல்லை.

8,192 என்பது 2ஐ 13 தடவை பெருக்கினால் வரும் எண். பின்னாளில் 32,768 வழக்கமானது. அது 2இன் 15ஆம் அடுக்கு. திரும்பத் திரும்பப் பாதியாக்கினால் செக்கனுக்கு ஒன்று கிடைக்கும். உங்கள் கணினியை மின்சாரத்திலிருந்து கழற்றினாலும் திகதி மறக்காமல் இருப்பதற்கும் இதே 32,768 படிகமும் ஒரு காசு அளவு மின்கலமும்தான் காரணம்.

இந்த மாற்றம் எங்கள் நகரங்களை உடைத்தது. 1970இல் சுவிஸ் மணிக்கூட்டுத் தொழிலில் ஏறத்தாழ 90,000 பேர் வேலை செய்தார்கள். 1980களின் நடுப்பகுதியில் எஞ்சியது 30,000 சொச்சம். பீலில் தொழிற்சாலைகள் மூடப்பட்டன, ஆட்கள் வெளியேறினார்கள். 1983 மார்ச்சில் சுவொட்ச் என்ற மலிவான பிளாஸ்டிக் குவார்ட்ஸ் மணிக்கூடு வந்து தொழிலைத் தூக்கி நிறுத்தத் தொடங்கியது. அதே 1983 ஜூலையில் இலங்கையில் நடந்தது உங்களுக்குத் தெரியும். அதற்குப் பிறகு வந்தவர்களில் என் அப்பாவும் ஒருவர். 1985இல் அவர் பீலுக்கு வந்தபோது, மூடிய தொழிற்சாலைகளின் ஜன்னல் கண்ணாடிகள் உடைந்தபடி கிடந்தன என்பார். அவருக்குக் கிடைத்தது கோப்பை கழுவும் வேலை. அதோடு விடியற்காலையில் அலுவலகம் கூட்டித் துடைக்கும் வேலை. இரண்டையும் 19 வருடம் செய்தார்.

படிகத்தைக் கழற்றி மாற்றியவர்கள்

கணினியில் ஓவர்குளொக்கிங் எப்படித் தொடங்கியது? மணிக்கூட்டுக்காரரைப் போலவே, கையால். 1984இல் வந்த ஐபிஎம் பிசி ஏடி கணினி 6 மெகாஹேர்ட்ஸில் ஓடியது. அதன் துடிப்பு 12 மெகாஹேர்ட்ஸ் படிகத்தைப் பாதியாக்கி வருவது. சிலர் அந்தப் படிகத்தைக் கழற்றி 16 மெகாஹேர்ட்ஸ் படிகத்தைப் போட்டார்கள். கணினி 8இல் ஓடியது. ஐபிஎம் பின்னர் வேகத்தைச் சோதிக்கும் ஒரு நிரலைத் தன் கணினிகளில் சேர்த்து அதைத் தடுக்கப் பார்த்தது.

1998இல் இன்டெல்லின் மலிவான செலரான் 300ஏ வந்தது. 66ஐ 4.5ஆல் பெருக்கி 300 மெகாஹேர்ட்ஸ். 66ஐ 100 ஆக்கினால் 450. விலை கூடிய பென்டியம் 2இன் வேகம், ஏழை மாணவனின் காசுக்கு. அந்தத் தலைமுறைதான் ஓவர்குளொக்கிங்கை உலகப் பொழுதுபோக்காக ஆக்கியது. 2011இல் நான் வாங்கிய 2500கேயின் "கே" என்ற எழுத்துக்கு, பெருக்கும் எண்ணைப் பூட்டாமல் விட்டிருக்கிறோம் என்று அர்த்தம். ஒரு காலத்தில் தடுக்கப் பார்த்ததை இப்போது கம்பனியே விற்கிறது.

ஏன் பிழைக்கிறது?

தமிழ்ப் பள்ளி விளையாட்டுப் போட்டியில் அஞ்சலோட்டம் ஓடியிருப்பீர்கள். ஒரு மாற்றம் செய்யுங்கள்: விசில் அடிக்கும் ஒவ்வொரு தடவையும் எல்லாக் கோட்டிலும் கோல் கைமாற வேண்டும். குறுகிய கோட்டில் ஓடுபவர் நேரத்தோடு வந்து காத்திருப்பார். மிக நீண்ட கோட்டில் ஓடுபவர் மட்டுமட்டாக வருவார். விசிலை வேகமாக்கினால் முதலில் தவறுவது அவர்தான். புரொசெசருக்குள்ளும் அப்படி ஒரு மிக நீண்ட பாதை இருக்கிறது. அடுத்த துடிப்புக்குள் மின்சைகை வந்து சேராவிட்டால், 1 வர வேண்டிய இடத்தில் 0 பதிவாகும்.

ஓட்டக்காரரை வேகமாக்க மின்னழுத்தத்தைக் கூட்டுவோம். அதற்கும் விலை உண்டு. செலவாகும் மின்சக்தி துடிப்போடு நேராகவும், மின்னழுத்தத்தின் வர்க்கத்தோடும் கூடும். நான் துடிப்பை 1.39 மடங்கும் மின்னழுத்தத்தை 1.15 மடங்கும் கூட்டினேன். கணக்குப் பார்த்தால் வெப்பம் ஏறத்தாழ 1.84 மடங்கு. சூடு கூடினால் சைகை தாமதிக்கும். திரும்பவும் பிழை.

கணினி உறைந்து நீலத் திரை வந்தால் நல்லது. பிழை என்று தெரியும். ஆபத்தானது, ஒரு எண் பிழைத்தும் கணினி ஒன்றும் நடக்காதது போல ஓடிக்கொண்டிருப்பது.

அந்த மௌனப் பிழையைப் பிடிக்க ஓவர்குளொக்கர்கள் பயன்படுத்தும் பிரைம்95 நிரல் சோதனைக்காக எழுதப்பட்டதல்ல. 1996இல் ஜோர்ஜ் வோல்ட்மன் தொடங்கிய, மிகப் பெரிய பகா எண்களைத் தேடும் கூட்டு முயற்சிக்கானது. அவர்கள் தேடுவது 2இன் ஏதாவது ஒரு அடுக்கிலிருந்து 1ஐக் கழித்தால் வரும் பகா எண்கள். பாசலில் 1707இல் பிறந்த லெயோன்ஹார்ட் ஒய்லர், எங்கள் பழைய 10 பிராங் தாளில் இருந்தவர், 1772இல் 2இன் 31ஆம் அடுக்கிலிருந்து 1ஐக் கழித்த 2,147,483,647 ஒரு பகா எண் என்று நிறுவினார். பழைய கேம்களில் புள்ளி இதற்கு மேல் ஏறாது, பார்த்திருப்பீர்கள். அப்போது அவருக்குக் கண்பார்வை ஏறக்குறைய போய்விட்டது. கணினி இல்லை. ஆனால் விடை சரி.

இந்த வேலைக்கு லட்சக்கணக்கான இலக்கங்கள் உள்ள எண்களைப் பெருக்க வேண்டும். நடுவில் ஒரு பிட் பிழைத்தாலும் பல கிழமை உழைப்பு வீண். அதனால் பிரைம்95 கணக்கின் நடுவில் தன்னைத்தானே சோதிக்கிறது. முழு எண் வர வேண்டிய இடத்தில் பின்னம் மிஞ்சினால் நிறுத்திவிடும். விடை தெரிந்த கணக்குகளைச் செய்ய வைத்து ஒப்பிட்டும் பார்க்கும். புரொசெசரின் கோஸ்க் சோதனை இதுதான். பத்து நிமிடம் ஓட்டிவிட்டு நிறுத்துவது, மணிக்கூட்டைக் காதில் வைத்து டிக் சத்தம் கேட்டுவிட்டு வாங்குவது போல.

ஒன்பது கசெற்

அப்பாவிடம் ஒன்பது கசெற் இருந்தன. 1986க்கும் 1991க்கும் இடையில் அப்பம்மா பேசிப் பதிந்து, யாராவது வருபவர்களிடம் கொடுத்தனுப்பியவை. அப்பம்மாவுக்குக் கடிதம் எழுதுவது கஷ்டம். அந்த 2011 கோடையில், என் புதுக் கணினியில் அவை எல்லாவற்றையும் ஏற்றினேன். இடம் மிச்சம் பிடிக்க ஒவ்வொரு கசெற்றையும் ஒரு சுருக்கிய கோப்பாக்கி, மூல ஒலிப்பதிவுகளை அழித்துவிட்டேன். சுருக்கி முடிந்ததும் திறந்து பார்க்கவில்லை. எங்கள் வீடு கூரைக்குக் கீழே இருந்தது. பகலில் அறை அடுப்புப் போல. நான் பத்து நிமிடம் சோதித்தது இரவுக் குளிரில்.

2013இல் வீடு மாறினோம். "எல்லாம் கணினியில் இருக்கு அப்பா" என்று சொல்லி, கசெற்றுகளை வரிப் பணம் கட்டிய குப்பைப் பையில் போட்டவள் நான்.

2016இல் அப்பம்மா ஊரில் காலமானார். அந்தியேட்டி நாளில் அவர் குரலைக் கேட்க வேண்டும் என்று அப்பா கேட்டார். ஐந்து கோப்புகள் திறந்தன. நான்கு, "பழுதடைந்துள்ளது" என்று சொல்லி நின்றுவிட்டன. சுருக்கிய கோப்பில் ஒரு பிட் பிழைத்தாலும் அதற்குப் பின்னால் உள்ளது எல்லாம் குழம்பிப் போகலாம்.

அன்றிரவு அதே கணினியில், அதே 4.6இல் பிரைம்95ஐ ஓட விட்டேன். மூன்று மணி நாற்பது நிமிடத்தில் நான்கு கருக்களில் ஒன்று பிழை காட்டி நின்றது. திரையில் வேறு எந்த மாற்றமும் இல்லை. விசிறி சுழன்றுகொண்டே இருந்தது. 4.2க்கு இறக்கினேன். 24 மணித்தியாலம் ஒரு பிழையும் இல்லை.

"எது எது போனது?" என்று அப்பா கேட்டார். எண்களைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். "மூண்டாவதிலை என்ர பேரைச் சொல்லிக் கூப்பிட்டுத்தான் துவங்குவா" என்றார். பிறகு, "சரி பிள்ளை, மிச்சம் அஞ்சு இருக்குத்தானே."

அதற்குப் பிறகு 2007இல் ஜெனீவாவின் செர்ன் ஆய்வுக்கூடம் செய்த ஒரு சோதனையைப் பற்றி வாசித்தேன். 3,000க்கு மேற்பட்ட கணினிகளில் 2 ஜிகாபைட் கோப்பை எழுதுவது, திரும்ப வாசிப்பது, ஒப்பிடுவது. கிழமைக் கணக்கில் இதையே செய்தார்கள். யாரும் வேகம் கூட்டாத, ஒழுங்கான கணினிகள். அங்கேயும் மௌனப் பிழைகள் இருந்தன. தேடினார்கள், அதனால் கண்டார்கள். நான் தேடவில்லை.

வேகத்தைக் குறைத்த ரோலெக்ஸ்

எல் பிரிமேரோவின் மிச்சக் கதையைச் சொல்லி முடிக்கிறேன். 1975இல் ஸெனித்தின் அமெரிக்க உரிமையாளர், இயந்திர மணிக்கூடு போதும், இனிக் குவார்ட்ஸ் என்று உத்தரவிட்டார். ஷார்ல் வெர்மோ என்ற தொழிலாளி, அச்சுகளையும் கருவிகளையும் வரைபடங்களையும் இரகசியமாகத் தொழிற்சாலையின் கூரையறையில் ஒளித்து வைத்தார். 1980களில் மீண்டும் கேள்வி வந்தபோது அவற்றால்தான் எல் பிரிமேரோ திரும்ப உயிர் பெற்றது. மூலத்தை எறியாத மனிதர். குப்பைப் பையை நினைக்கும்போதெல்லாம் எனக்கு அவர் ஞாபகம் வரும்.

1988இல் ரோலெக்ஸ் தன் டேட்டோனாவுக்கு அந்த இயந்திரத்தை எடுத்தது. எடுத்து என்ன செய்தது தெரியுமா? 36,000 துடிப்பை 28,800க்கு இறக்கியது. உலகின் பெயர் பெற்ற வேக இயந்திரத்தை வாங்கி, நீண்ட காலம் உழைக்க வேண்டும் என்று வேகத்தைக் குறைத்தார்கள். அதை யாரும் தோல்வி என்று சொல்லவில்லை.

2004இல் அப்பாவின் முதுகு ஒத்துழைக்க மறுத்தது. விடியற்காலை வேலையை விட்டார். அதை அவர் பல வருடம் வெட்கமாகச் சொல்வார். "நிண்டு பிடிக்குமோ" என்று அந்த இரவு கேட்டது எங்கிருந்து வந்தது என்று எனக்கு இப்போதுதான் விளங்குகிறது.

ஓவர்குளொக் செய்ய வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. நான் இன்றும் செய்கிறேன். துடிப்பைச் சிறிது சிறிதாகக் கூட்டுங்கள். ஒவ்வொரு படியிலும், வீட்டின் மிகச் சூடான நாளில், ஒரு முழு இரவாவது சோதியுங்கள். பிழை வந்த இடத்திலிருந்து ஒரு படி இறங்கி நில்லுங்கள். கோப்பைச் சுருக்கினால் உடனே திறந்து பாருங்கள். அப்பா, அம்மாவின் கசெற்றோ, படமோ, கடிதமோ எதுவாக இருந்தாலும் பிரதி எடுத்த பிறகும் மூலத்தை எறியாதீர்கள்.

மிச்சமிருந்த ஐந்து பதிவுகளும் இப்போது மூன்று வேறு வீடுகளில் இருக்கின்றன. வருடத்துக்கு ஒரு தடவை, அப்பம்மாவின் திவசத்தன்று, எல்லாவற்றையும் திறந்து கடைசி வரை கேட்கிறோம். என் நிலைப்புச் சோதனை இப்போது அதுதான்.